நடுக்கடலில் ஒரே ஒருவர்: 'ஆல் இஸ் லாஸ்ட்' படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2013-இல் வந்த 'ஆல் இஸ் லாஸ்ட்' படத்தில் ஒரே ஒரு நடிகர், ஒரு பாய்மரப் படகு, மீதியெல்லாம் கடல். சென்னையில் நண்பர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டும்போது வழக்கமாக வரும் கேள்விகளையும், அதற்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். முதல் பாதியைப் படம் பார்க்காதவர்களும் படிக்கலாம். கதை தெரிந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்கள் எங்கே நிறுத்த வேண்டும் என்று நடுவில் சொல்கிறேன்.

கதை என்ன?

இந்தியப் பெருங்கடலில் தனியாகப் பாய்மரப் படகில் போகிறார் ஒரு வயதானவர். ஒரு காலையில் கண் விழித்தால் அறைக்குள் தண்ணீர். ஏதோ ஒரு கப்பலிலிருந்து விழுந்து மிதந்துகொண்டிருந்த கண்டெய்னர் படகின் பக்கவாட்டில் இடித்து ஓட்டை போட்டிருக்கிறது. அங்கிருந்து எட்டு நாள் அவர் என்னென்ன செய்கிறார் என்பதுதான் முழுப்படம்.

ஆரம்பத்திலேயே, இடம் சுமத்ரா நீரிணையிலிருந்து 1,700 கடல் மைல் என்று திரையில் எழுத்து வரும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 3,150 கிலோமீட்டர். சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போகும் தூரத்தைவிட இது சுமார் ஆயிரம் கிலோமீட்டர் அதிகம். இந்த ஒரு கணக்கைச் சொல்லிவிட்டுப் படத்தைப் போட்டால், பார்ப்பவர்கள் முதல் காட்சியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கண்டெய்னர் கடலில் மிதக்குமா? நம்பும்படி இல்லையே?

நம்பலாம். 2025 மே மாதம் கொச்சிக்கு அருகே 'எம்எஸ்சி எல்சா 3' கப்பல் மூழ்கியபோது அதில் 640 கண்டெய்னர்கள் இருந்தன. அவற்றில் பல மிதந்து வந்து கேரளக் கரையில் ஒதுங்கின. அவற்றிலிருந்து சிந்திய பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரிக் கடற்கரை வரை வந்தது. உள்ளே காற்றோ, எடை குறைந்த சரக்கோ இருந்தால் கண்டெய்னர் உடனே மூழ்காது. மேல்விளிம்பு மட்டும் தண்ணீர் மட்டத்தில் தெரியும்படி மிதந்துகொண்டிருக்கும். ராடாரில் பிடிப்பது கஷ்டம், ராத்திரியில் கண்ணுக்கும் தெரியாது. படத்தில் வரும் கண்டெய்னரில் இருப்பது காலணிகள்.

வசனமே இல்லையாமே, புரியுமா?

தாராளமாகப் புரியும். தொடக்கத்தில் ஒரு கடிதத்தை வாசிக்கும் குரல், ரேடியோவில் உதவி கேட்கும் சில வார்த்தைகள், ஆத்திரத்தில் ஒரு கத்தல், அப்புறம் கப்பலைப் பார்த்து எழுப்பும் கூப்பாடு. பேச்சு என்று எடுத்தால் கிட்டத்தட்ட இவ்வளவுதான். திரைக்கதையே 31 பக்கம்தானாம். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது சினிமாவில் பொதுவான கணக்கு. இந்தப் படமோ 106 நிமிடம் ஓடுகிறது. அந்த இடைவெளி முழுவதையும் செயல்கள் நிரப்புகின்றன. ஆங்கிலம் தெரியாத வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு ஆங்கிலப் படம் காட்ட வேண்டும் என்றால் இதைவிடப் பொருத்தமான படத்தை நான் பார்த்ததில்லை. தொடக்கக் கடிதத்தை மட்டும் ஒரு தடவை தமிழில் சொல்லிவிட்டால் போதும்.

போரடிக்காதா?

கையைப் பார்த்தால் போரடிக்காது. நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது இந்த ஒன்றைத்தான். இவர் முகத்தில் கதை தேடாதீர்கள், கைகளில் தேடுங்கள். கயிறு கட்டுகிறார், பிசின் கலக்கிறார், தண்ணீர் இறைக்கும் பம்பின் கைப்பிடியை மரக்கட்டையில் செதுக்குகிறார், நனைந்ததைக் காய வைக்கிறார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு காரணம் உண்டு. காரணத்தைப் படம் சொல்லாது. நாமாகப் புரிந்துகொள்ளும் அந்த நொடியில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறோம். தனி ஆள் உயிர்பிழைக்கும் படங்களில் பெரும்பாலானவை தனிமை தாங்காமல் பழைய நினைவு, கனவு, மனைவியின் குரல் என்று எதையாவது கொண்டுவந்துவிடும். இதில் ஒரு ஃபிளாஷ்பேக்கூடக் கிடையாது. இந்தப் படத்தை நான் மதிப்பதற்கு முதல் காரணம் அதுதான்.

எடுத்தவர் யார், நடித்தவர் யார்?

எழுதி இயக்கியவர் ஜே. சி. சாண்டர். நடித்தவர் ராபர்ட் ரெட்ஃபோர்ட். படப்பிடிப்பின்போது அவருக்கு வயது 75-76. சாண்டரின் முந்தைய படமான 'மார்ஜின் கால்' ஒரு நிதி நிறுவனத்தில் ஒரே இரவில் நடப்பது, ஆரம்பம் முதல் முடிவு வரை பேச்சுதான். ரெட்ஃபோர்டு முன்னின்று வளர்த்த சன்டான்ஸ் திரைப்பட விழாவில் அது 2011-இல் திரையிடப்பட்டது. இத்தனை ஆண்டுகளில் அந்த விழாவால் வளர்ந்த இயக்குநர்கள் யாருமே தன்னை நடிக்கக் கூப்பிட்டதில்லை, இவர்தான் கூப்பிட்டார் என்று ரெட்ஃபோர்டு சொல்லியிருக்கிறார்.

படம் 2013 கான் விழாவில் போட்டிக்கு வெளியே திரையிடப்பட்டது. நியூயார்க் திரை விமர்சகர் வட்டம் சிறந்த நடிகர் விருதை ரெட்ஃபோர்டுக்குக் கொடுத்தது. இசைக்காக அலெக்ஸ் ஈபர்ட்டுக்கு கோல்டன் குளோப் விருது கிடைத்தது. ஆஸ்கரில் ஒலித் தொகுப்புக்கு ஒரு பரிந்துரை வந்தது, ரெட்ஃபோர்டுக்கு வரவில்லை. அது சரியில்லை என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நிஜக் கடலில் எடுத்தார்களா?

பெரும்பகுதி மெக்சிகோவின் ரொசாரிட்டோவில், 'டைட்டானிக்' படத்துக்காகக் கட்டிய பெரிய தண்ணீர்த் தொட்டிகளில் எடுக்கப்பட்டது. ஒரே மாதிரியான 'கால் 39' (Cal 39) என்ற வகைப் பாய்மரப் படகுகள் மூன்றைப் பயன்படுத்தினார்கள். புரள்வது, முங்குவது, தண்ணீரில் அடித்து விழுவது என்று பலவற்றை ரெட்ஃபோர்டு தானே செய்தார்.

எப்படிப் பார்ப்பது நல்லது?

ராத்திரியில், விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு. ஃபேன் சத்தம் இந்தப் படத்தைக் கெடுத்துவிடும். மரம் முனகுவது, கயிறு கம்பத்தில் தட்டுவது, படகுக்குள் தண்ணீர் சலசலப்பது எல்லாம் இதில் தகவல்கள். ஓட்டை பெரிதாகிறதா, காற்று திரும்புகிறதா என்பதை அவரும் காதால்தான் தெரிந்துகொள்கிறார்.

இது உண்மைக் கதையா?

இல்லை, கற்பனை. ஆனால் இதையும் தாண்டிய நிஜங்கள் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வருவதில்லை.

1942 நவம்பரில் பூன் லிம் என்ற சீனர் வேலை பார்த்த பிரிட்டிஷ் வணிகக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. ஒரு மரத் தெப்பத்தில் 133 நாள் தனியாக அட்லாண்டிக்கில் மிதந்தார் அவர். டார்ச் விளக்கிலிருந்து எடுத்த கம்பியை வளைத்துத் தூண்டில் முள் செய்தார். கடைசியில் பிரேசில் கரைக்கு அருகே மீனவர்கள் அவரைக் கண்டு ஏற்றிக்கொண்டார்கள்.

1982-இல் ஸ்டீவன் கலஹன் என்ற அமெரிக்கரின் சிறிய பாய்மரப் படகு கேனரி தீவுகளை விட்டுக் கிளம்பிய சில நாட்களில் மூழ்கியது. காற்றடைத்த ரப்பர் தெப்பத்தில் 76 நாள், சுமார் 1,800 கடல் மைல் மிதந்தார். கரீபியனில் குவாதலூப் அருகே அவரைக் கண்டதும் மீனவர்கள்தான். பிற்பாடு, உயிர்காப்புப் படகில் மிதக்கும் புதுச்சேரிப் பையனைப் பற்றி ஆங் லீ எடுத்த 'லைஃப் ஆஃப் பை' படத்துக்குக் கடல் விஷயங்களில் ஆலோசகராக இருந்தவரும் இதே கலஹன்தான். அந்தப் படத்துக்கு மூலமான நாவலில் கப்பல் கிளம்புவது எங்கிருந்து தெரியுமா? மெட்ராஸிலிருந்து!

நமக்கு இன்னும் நெருக்கமானவர், அப்போது இந்தியக் கடற்படையில் அதிகாரியாக இருந்த அபிலாஷ் டோமி. 2018 செப்டம்பரில், தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் இருந்தபோது, தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயல் அவருடைய 'துரியா' படகைப் புரட்டிப் போட்டது. பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பில் பலத்த அடி, எழுந்திருக்க முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து சுமார் 1,900 கடல் மைல். நம் கடற்படையின் பி-8ஐ விமானம் மொரீஷியஸிலிருந்து பறந்து போய் அவர் படகைப் பார்த்தது. சென்னைக்குப் பக்கத்தில், அரக்கோணம் ராஜாளி தளத்தில் இருக்கும் அதே வகை விமானம். மூன்று நாள் கழித்து 'ஒசிரிஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. அதோடு அவர் விடவில்லை. முதுகில் உலோகத் தண்டுகளோடு 2022-இல் அதே பந்தயத்தில் மறுபடி இறங்கி, 2023-இல் இரண்டாவதாக வந்தார்.

படம் பார்க்காதவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம். இனி கதை முழுவதும் வரும்.

மோதிய கண்டெய்னரிலேயே எதையோ கட்டிவிட்டு, அப்புறம் திரும்பப் போய் எடுக்கிறாரே, அது என்ன?

கடல் நங்கூரம். தரையைப் பிடிக்கும் இரும்பு நங்கூரம் வேறு. இது கனத்த துணியில் தைத்தது, தண்ணீருக்குள் குடை மாதிரி விரிந்து இழுவையைக் கொடுக்கும். நடுக்கடலில் தரை பல ஆயிரம் மீட்டர் கீழே. அங்கே தண்ணீரையேதான் பிடித்து நிற்க வேண்டும். கண்டெய்னரின் மூலை படகின் ஓட்டைக்குள் சிக்கிக்கொண்டிருக்கிறது. கையால் தள்ளிப் பிரிக்கும் எடையா அது? கடல் நங்கூரத்தைக் கண்டெய்னரின் மறுமுனையில் கட்டிப் போடுகிறார். நங்கூரம் கண்டெய்னரைப் பின்னுக்குப் பிடித்து இழுக்க, படகு விடுபடுகிறது. அப்புறம் ஓட்டை விழுந்த பக்கம் தண்ணீருக்கு மேலே தூக்கி நிற்கும்படி பாயைத் திருப்பிக் காற்றை வாங்குகிறார்.

காசிமேட்டில் விசைப்படகு ஓட்டும் ஒரு அண்ணன் என்னோடு இந்தப் படத்தைப் பார்த்தார். அவர் நடுவில் பேசியது இந்த இடத்தில்தான்: "தப்பிச்சோம்னு அப்படியே ஓடல பாரு. நங்கூரத்தை எடுக்கத் திரும்பிப் போறான் பாரு. அவன் கடல்ல தொழில் பார்த்தவன்." உயிர் பிழைத்த பதற்றத்திலும், நாளைக்குப் புயலில் அந்த நங்கூரம் வேண்டியிருக்கும் என்று யோசிக்கிறவர் அவர். பெயர், ஊர், குடும்பம், பழைய வேலை எதையும் படம் சொல்லவில்லை. கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில்கூட அவருக்குப் பெயர் இல்லை. ஆனால் அந்த ஒரு காட்சியில் ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடுகிறது.

ஓட்டையைத்தான் அடைத்துவிட்டாரே, பிறகு ஏன் மூழ்குகிறது?

கண்ணாடி இழைத் துணியும் பிசினும் வைத்து அவர் போடும் ஒட்டு, நம் கடற்கரையில் ஃபைபர் படகுகளுக்குப் போடும் அதே ஒட்டுதான். அமைதியான கடலுக்கு அது தாங்கும். புயலில் படகு முழுசாக ஒரு சுற்றுப் புரள்கிறது, பாய்மரம் முறிகிறது, ஒட்டும் விட்டுப்போகிறது. அதற்கப்புறம் எந்தப் பம்பும் காப்பாற்றாது. படகை விட்டுவிட்டுக் காற்றடைத்த ரப்பர் தெப்பத்துக்கு மாறுகிறார்.

ரேடியோவில் யாருமே பதில் சொல்லவில்லையே?

படகுகளில் இருக்கும் விஎச்எஃப் ரேடியோ கிட்டத்தட்ட பார்வை எட்டும் தூரத்துக்குத்தான் வேலை செய்யும். பாய்மர உச்சியில் ஆன்டெனா இருந்தாலே இருபது, முப்பது கடல் மைல்தான். அதனால்தான் ரேடியோவைக் காய வைத்த கையோடு உச்சிக்கு ஏறி ஆன்டெனா இணைப்பைச் சரிசெய்கிறார். அங்கிருந்துதான் வரப்போகும் புயலையும் பார்க்கிறார். சுற்றிலும் கப்பல் இல்லாத இடத்தில் எவ்வளவு கூப்பிட்டாலும் கேட்க ஆள் இல்லை.

தனியாகக் கடலைக் கடக்கிறவரிடம் அவசர சிக்னல் கருவிகூட இல்லையா?

பாய்மரப் படகோட்டிகள் இந்தப் படத்தின் மேல் வைக்கும் முதல் குற்றச்சாட்டு இது, நியாயமானதும்கூட. ஈபிர்ப் என்று ஒரு கருவி உண்டு. 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செயற்கைக்கோளுக்கு இருப்பிடத்தை அனுப்பும். அபிலாஷ் டோமியை அவ்வளவு பெரிய கடலில் கண்டுபிடிக்க முடிந்ததற்கு இந்த மாதிரிக் கருவிகள் பெரிய காரணம். படத்தில் அது கண்ணில் படுவதே இல்லை. புயலுக்கென்று இருக்கும் சின்னப் பாயை ஏற்ற இவ்வளவு தாமதம் ஏன், படகு ஆடும்போது அறைக் கதவு ஏன் திறந்திருக்கிறது என்றும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கும் படத்தில் பதில் இல்லை.

புயலுக்கு முன்னால் நின்று நிதானமாக முகச்சவரம் செய்கிறாரே என்றும் சிலர் குறை சொல்வார்கள். அதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். தன்னால் மாற்ற முடியாத ஒன்று வந்துகொண்டிருக்கும்போது தன் கையில் மிச்சமிருக்கும் ஒழுங்கைச் செய்கிறார். நம் வீடுகளில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் தாத்தாக்கள் தலை சீவிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

அத்தனை பக்கத்தில் போகும் கப்பல்கள் அவரை எப்படிப் பார்க்காமல் போகின்றன?

படத்திலேயே மனத்தை அதிகம் பிசையும் இடம். தீக்குச்சி மாதிரி எரியும் சிக்னல் வெளிச்சத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார், கப்பல் பாட்டுக்குப் போய்விடும். கொடுமை என்று தோன்றும், ஆனால் அந்தக் கப்பலில் கெட்டவர் யாரும் இல்லை.

பெரிய கண்டெய்னர் கப்பல் 300 மீட்டருக்கும் மேல் நீளம். ஓட்டும் அறை பல கப்பல்களில் பின்பகுதியில், அதற்கு முன்னால் அடுக்கடுக்காகப் பெட்டிகள். கப்பலின் முன்மூக்குக்கு அப்பால் 500 மீட்டர்வரை தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதைச் சர்வதேச விதிகளே அனுமதிக்கின்றன. ரப்பர் தெப்பம் ராடாரில் சரியாகத் தெரியாது, அலைக்குள் மறைந்து மறைந்து எழும். மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் வரும் கப்பல் சில நிமிடங்களில் கடந்துவிடும். அறையில் காவலுக்கு இருப்பதோ ஓரிருவர்தான். எண்ணூரிலோ ராயபுரத்திலோ கரையில் நின்று, துறைமுகத்துக்கு வெளியே நிற்கும் கப்பல்களைப் பாருங்கள். அந்த உயரத்திலிருந்து ஒரு மனிதத் தலை எவ்வளவு சின்னதாகத் தெரியும் என்று உடனே புரியும்.

செக்ஸ்டன்ட் வைத்து என்ன செய்கிறார்?

சூரியன் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் கருவி அது. உச்சிப்பொழுதில் அளந்து, அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போட்டால் நாம் இருக்கும் அட்சரேகை கிடைக்கும். ஒரு பாகை என்பது 60 கடல் மைல். தீர்க்கரேகைக்குச் சரியான நேரம் காட்டும் கடிகாரமும் வேண்டும். நான்கு நிமிட வித்தியாசம் ஒரு பாகை. மின்கருவிகள் எல்லாம் நனைந்து போன பிறகு, புத்தகத்தைப் பிரித்துவைத்து இதைப் புதிதாகக் கற்றுக்கொள்கிறார். தெப்பத்தைத் திருப்ப அவரால் முடியாது, நீரோட்டம் போன பக்கம்தான் போக முடியும். பிறகு எதற்கு அளக்க வேண்டும் என்று கேட்பார்கள். கப்பல் போகும் பாதைக்குள் எப்போது நுழைவோம் என்று தெரிந்தால்தான், கையில் இருக்கும் சொற்பச் சிக்னல்களை அதற்காக மிச்சம் பிடிக்க முடியும். வரைபடத்தில் பென்சில் புள்ளி நகர நகர நமக்கும் மூச்சு முட்டும்.

கடல் தண்ணீரைக் குடித்தால் என்ன? அந்தப் பிளாஸ்டிக் வேலை எதற்கு?

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அவ்வளவு அடர்த்தியான உப்பை நம் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. உப்பை வெளியேற்ற உடம்பிலிருக்கும் நல்ல தண்ணீரும் சேர்ந்து போய்விடும். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடும், கடைசியில் புத்தி தடுமாறும்.

அவர் வைத்திருந்த குடிநீர்க் கேனில் உப்புத்தண்ணீர் கலந்துவிடுகிறது. படம் முழுவதும் அடக்கி வைத்திருந்த குரல் உடைவது அப்போதுதான். அப்புறம் கேனை வெட்டி, அடியில் கடல்நீர் விட்டு, நடுவில் ஒரு டின்னை வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளை மூடுகிறார். வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு கீழேயே தங்கும். ஆவி பிளாஸ்டிக்கில் பட்டுத் துளியாகி, நடுவில் தாழ்ந்த இடத்தில் சேர்ந்து டின்னுக்குள் சொட்டும். கிடைப்பது சில வாய்தான். கலஹன் 76 நாள் தாங்கியதற்கும் வெயிலில் நீர் வடிக்கும் இப்படிப்பட்ட கருவிகளே முக்கியக் காரணம்.

கடைசியில் பிழைத்தாரா, இல்லையா?

எட்டாம் நாள் கடிதம் எழுதி ஜாடியில் போட்டுக் கடலில் விடுகிறார். ராத்திரி தூரத்தில் ஒரு வெளிச்சம். சிக்னல் எதுவும் மிச்சமில்லை, காகிதங்களைக் கொளுத்துகிறார், தீ தெப்பத்தையே பிடித்துக்கொள்கிறது. தண்ணீரில் குதித்து, கொஞ்ச நேரத்தில் போராட்டத்தை விட்டு மூழ்குகிறார். கீழிருந்து பார்க்கும்போது எரியும் வட்டத்தை நோக்கி ஒரு விளக்கோடு படகு வருகிறது. நீந்தி மேலே வருகிறார், ஒரு கை நீள்கிறது, திரை வெளுத்துவிடுகிறது.

பாதிப் பேர் பிழைத்தார் என்பார்கள், பாதிப் பேர் அது சாகும்போது வரும் காட்சி என்பார்கள். சாண்டர் வேண்டுமென்றே திறந்து விட்டிருக்கிறார். நான் பிழைத்தார் கட்சி. கதை முழுவதும் படம் நமக்குக் கனவு எதையும் காட்டவில்லை, கண்முன் நடப்பதை மட்டுமே காட்டியது. கடைசி நிமிடத்தில் மட்டும் ஏன் அந்த வழக்கத்தை மீற வேண்டும்? காசிமேட்டு அண்ணன் என் வாதத்தை ஏற்கவில்லை. "அந்த நேரத்துல அந்த இடத்துக்கு அவ்ளோ சின்ன போட் எப்படி வரும்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கப்பலிலிருந்து இறக்கியிருக்கலாம் என்றேன்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் பார்க்கலாம். ஒரு கெட்ட வார்த்தையும் ஒரு தலைக்காயமும் வரும்.

நம் மீனவர்களிடம் அந்த அவசரக் கருவி இருக்கிறதா?

படம் முடிந்ததும் பலரும் கேட்பது. இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி உண்டு, டாட் என்பார்கள். பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகப் படகின் அடையாளமும் இடமும் கடலோரக் காவல் படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்களுக்குப் போகும். அப்படிப்பட்ட மையங்களில் ஒன்று சென்னையில் இருக்கிறது. பழைய கருவியில் சிக்னல் போய்ச் சேர்ந்ததா என்று படகில் இருப்பவருக்குத் தெரியாது. 2024-இல் அறிமுகமான இரண்டாம் தலைமுறைக் கருவியில் 'தகவல் கிடைத்தது' என்று பதில் வரும். கரையிலிருந்து யாரையாவது கடலில் ஆபத்தில் பார்த்தால் கடலோரக் காவல் படையின் இலவச எண் 1554. மெரினா, பெசன்ட் நகர் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.